இரண்டு பல் போடும் வரை

ஆட்டுக்குட்டி பிறக்கும்போது முன்னங்கால்கள் இரண்டும் முதலில் வரவேண்டும். அவற்றின்மேல் முகத்தைச் சாய்த்துக்கொண்டு, கிணற்றில் குதிக்கிறவன் கையிரண்டையும் சேர்த்து நீட்டுகிற மாதிரி அது வெளியே வரும். சுட்டியின் வயிற்றிலிருந்த குட்டியும் முறையாகத்தான் வந்தது. அதன்மேல் ஒரு பிசகும் இல்லை. வாசல்தான் சின்னது.

சாமியாத்தாள் முழங்கை வரை விளக்கெண்ணெயைத் தடவிக்கொண்டு பட்டிக்குள் மண்டியிட்டிருந்தாள். வெயில் ஏறத் தொடங்கியபோது உட்கார்ந்தாள், இப்போது பொழுது உச்சி சாய்ந்துவிட்டது. அவள் புருசன் கந்தப்பன் ஆட்டின் தலையை மடியில் வைத்துப் பிடித்திருந்தான். நெற்றியில் வெள்ளைப் பொட்டு விழுந்த ஆடு, அதனால் சுட்டி. தையில் பிறந்தது. இது கார்த்திகை. பத்து மாதத்துக் குட்டி இன்னொரு குட்டியை ஈனக் கிடந்தது.

"அது முக்கறப்பத்தான் இழுக்கோணும். சும்மா கெடக்கறப்ப இழுத்தா உள்ள கிழிஞ்சுபோயிரும்," என்றாள். அவனுக்கும் அது தெரியும்.

"முக்கறதுக்கு எங்க புள்ள தெம்பு இருக்குது?"

"சித்தெ இருங்க. வருது."

வந்தது. நல்ல எலும்பும் சதையுமான கிடாய்க்குட்டி. நாக்கு நீலமாகி வெளியே தொங்கியது. வைக்கோலால் தேய்த்துப் பார்த்தாள், பின்னங்காலைப் பிடித்துத் தலைகீழாக ஆட்டிப் பார்த்தாள், மூக்கில் ஊதிப் பார்த்தாள். சுட்டி தலையைத் திருப்பிக் குட்டியை நக்கப் பார்த்தது. நாக்கு எட்டவில்லை. பக்கத்தில் நகர்த்தி வைத்தாள். இரண்டு தரம் நக்கியது. பொழுது சாய்வதற்குள் அதுவும் போய்விட்டது.

கந்தப்பன் கிளுவை வேலி ஓரமாகக் குழி வெட்டினான். இரண்டு வருசமாக மழை ஏமாற்றிய மண், கடப்பாரையைத் திருப்பித் திருப்பி அனுப்பியது.

"இப்பிடி ஈனறப்பச் செத்தது இது மூணாவது," என்றாள் சாமியாத்தாள்.

"நானும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கறேன்," என்றான் அவன்.

கிணத்துக்கடவுக்குக் கிழக்கே மூன்று கல் தள்ளி இருக்கிறது கருக்கம்பாளையம். பைக்காரா கரண்டு கோயமுத்தூருக்கு வந்து மில்லெல்லாம் ஓடுகிறது என்று சந்தைக்குப் போனவர்கள் சொன்னார்கள். இங்கே மாடு கட்டிக் கவலை இறைப்பதுதான், அதற்கும் கிணற்றில் தண்ணீர் இருந்தால். சோளம் முழங்கால் உயரத்தில் காய்ந்துபோயிற்று. விதைக்கு வைத்திருந்ததையும் புரட்டாசியிலேயே தின்றாகிவிட்டது. கந்தப்பன் வீட்டில் மிச்சமிருந்தது வெள்ளாடுதான். தாயாடு நாலு, அவை வைகாசியில் போட்ட பெட்டைக்குட்டி ஐந்து. தாயாடுகளுக்கு வயசாகிவிட்டது. இனி அந்த வீடு என்பது அந்த ஐந்து குட்டிகள்தான்.

பெட்டைக்குட்டி ஐந்தாறு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். தழையை மோந்து பார்த்துவிட்டு ஒதுங்கும், வாலை ஆட்டி ஆட்டிக் கத்தும். ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை நாள். பிறகு அடங்கிவிடும். மூன்று வாரம் கழித்து மறுபடி கத்தும். ஆனால் பருவத்துக்கு வருவது வேறு, சுமக்கத் தகுதியாவது வேறு. அந்த வயதில் தின்கிற தழை அதன் சொந்த எலும்புக்கே போதாது. அதற்குள் வயிற்றில் ஒன்று பங்குக்கு வந்து உட்கார்ந்தால் தாயின் வளர்த்தி அங்கேயே நின்றுவிடும், இடுப்பெலும்பு அகலாது. சாமியாத்தாள் பார்க்கிற அடையாளம் இரண்டு. தூக்கிப் பார்த்தால் தாயாட்டின் கனத்தில் முக்கால் பங்காவது இருக்கவேண்டும். உதட்டைப் பிரித்துப் பார்த்தால், கீழ்வரிசை நடுவில் பால்பல் இரண்டும் விழுந்து அகலமான பல் இரண்டு முளைத்திருக்கவேண்டும். ஒரு வருசம் கடந்து இரண்டு மூன்று மாதமாவது ஆகும் அதற்கு. ஆவணியில் கிடாய் சேர்த்தால் ஐந்து மாதம் சுமந்து தையில் ஈனும். தையில் வேலியில் தழை இருக்கும், தாய்க்குப் பால் இருக்கும். இப்போது கார்த்திகையில் சினைப்பட்டால் ஈனுவது சித்திரையில், ஒரு பச்சை இலை இல்லாத வெயிலில்.

இதெல்லாம் ஊருக்கும் தெரிந்ததுதான். கிடாய்க்குட்டிகளை மூன்று மாதத்தில் காயடித்துவிடுவார்கள். முன்பெல்லாம் சினைக்கென்று ஒரே ஒரு கிடாயைக் கட்டுத்தரையில் கட்டி வளர்ப்பார்கள், வேண்டும்போது ஆட்டை அங்கே ஓட்டிப்போவார்கள். கருப்பராயன் கிடாய் வந்தபிறகு அப்படித் தனிக்கிடாய் வளர்க்கிற சோலி யாருக்கும் இல்லாமல் போயிற்று.

அது பாலுசாமி நேர்ந்து விட்ட கிடாய். பாலுசாமி கந்தப்பனுக்குப் பெரியப்பன் மகன், இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. இரண்டு வருசத்துக்கு முன் அவர் மகள் சாந்தாமணி விஷக்காய்ச்சலில் இருபத்தொரு நாள் கண் திறக்காமல் கிடந்தாள். கருப்பராயன் கோயிலில் ஒரு கிடாய்க்குட்டியின் காதைக் கிள்ளி விட்டார். பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. அன்றிலிருந்து அந்தக் கிடாயை யாரும் கட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, போகிற இடத்தில் மறிக்கக்கூடாது. காயடிக்கிற பேச்சே இல்லை. வருகிற பங்குனியில் கோயில் திருவிழாவான நோம்பியில்தான் வெட்டு. அதுவரை ஊர் ஆடெல்லாம் அதற்கு ஒன்றுதான், நேற்றுப் பருவத்துக்கு வந்த குட்டி உட்பட.

பட்டிக்குள் அடைத்துவைக்கலாம்தான். ஆனால் பஞ்ச காலத்தில் ஆடு நடந்தால்தான் வயிறு நிறையும். அடைத்துவைத்தால் ஒன்பது ஆட்டுக்கும் தொரட்டியால் கொப்பு இழுத்துப்போட ஆள் வேண்டும். படலை எவ்வளவு உயரமாகக் கட்டினாலும் அந்தக் கிடாய் ஒரே தாவில் உள்ளே வந்துவிடும்.

சுட்டியைப் புதைத்த மறுநாள் காலையில் ஐந்தில் மூத்ததான கருப்பி வாலை ஆட்டிக்கொண்டு கத்தியது. சாமியாத்தாள் அதை வீட்டுக்குள் தானியக் குதிரோடு கட்டிப்போட்டாள். பிறகு விதைச்சோளம் கட்டியிருந்த சாக்கை எடுத்து உதறி, கோணி ஊசியில் சணலைக் கோத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள்.

"என்ன தைக்கறே?" என்றான் கந்தப்பன்.

"கெடாவுக்கு."

சாக்கிலே ஒரு முழம் சதுரம். அதைக் கிடாயின் வயிற்றுக்கடியில் தொங்கவிட்டு, ஒரு கயிற்றை முன்னங்காலுக்குப் பின்னாலும் ஒன்றை இடுப்பிலுமாக முதுகுக்கு மேலே முடிய வேண்டும். நடக்கலாம், மேயலாம், மூத்திரம் பெய்யலாம். ஏறினால்மட்டும் சாக்கு குறுக்கே நிற்கும். வெள்வேலங்காயை முறத்தில் போட்டு அவள் கூப்பிட்டதும் கிடாய் வந்து தின்றது. தின்கிறபோதே கட்டிவிட்டாள். கந்தப்பன் வேலிகளுக்கு நடுவே போகிற இட்டேறியின் இரண்டு பக்கமும் பார்த்தான்.

"அண்ணன் பாத்தாருன்னா?"

"அதை அடிக்கலீங், கட்டிப்போடலீங். ஒரு துணி உடுத்தி உட்டேன்."

இரண்டு நாள் ஊர் சிரித்தது. கிடாய் ஏறும், இறங்கும், ஒன்றும் புரியாமல் நின்று மேல் உதட்டைச் சுருட்டும், மறுபடி ஏறும். மூன்றாம் நாள் கிணற்றடியில் பாலுசாமி பெண்டாட்டி ராசாத்தாள் குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"ஏன் சாமியாத்தா, கருப்பராயனுக்கே கோமணம் கட்டிப்போட்டயாமா? நோம்பிக்கு அவருக்கு வேட்டி எடுப்பயா, துண்டு எடுப்பயா?"

தண்ணீர் சேந்த வந்தவர்கள் சிரித்தார்கள்.

"கெடாவுக்குத்தானுங்கக்கா கட்டுனேன். சாமிக்கு இல்லீங்."

"அது சாமி சொத்தில்லாம உங்கப்பன் ஊட்டுச் சீரா? உங்க மாமன் காதுல உழுகட்டும், அப்பறம் தெரியும்."

"கட்டாட்டி அஞ்சு குட்டியும் செத்துப்போயிருங்கக்கா. சுட்டிய நீங்களும் பாத்தீங்கல்ல?"

"அடப் போ அம்மிணி. ஆட்டுக்கு என்னத்துக்கு இத்தனை பாடு? நாமெல்லாம் பதினாலு வயசுல பெத்துப்போடலியா?"

"பெத்தமுங்க. எத்தனை தங்குச்சு?"

யாரும் சிரிக்கவில்லை. ராசாத்தாளின் முதல் பிள்ளையும் சாமியாத்தாளின் முதல் பிள்ளையும் ஒரே வருசத்தில் போனவை. ராசாத்தாள் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். போகும்போது தண்ணீர் தளும்பிச் சேலையெல்லாம் நனைந்தது, அவள் கவனிக்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் பாலுசாமி வந்தார். சத்தம் போடுவார் என்று கந்தப்பன் எதிர்பார்த்தான். அவர் சத்தமே போடவில்லை.

"அவுத்துப்போடு சாமியாத்தா."

"பங்குனி வரைக்குந்தானுங்க மாமா. நாலே மாசம்."

"நாலு நாளானாலும் ஆகாது. எம்பட புள்ள கெடந்தப்ப நீதான பக்கத்துல உக்காந்து ஈரத்துணி மாத்திப் போட்டே? மறந்துபோச்சா?"

"மறக்கலீங்."

"அன்னைக்கு நான் என்ன சொன்னேன்? இது போற வழியில குறுக்க நிக்கமாட்டேன்னு சொன்னேன். நீ குறுக்க சாக்கைக் கட்டி உட்டிருக்கறே. எனக்கு மூணு நாளாத் தூக்கமில்ல. பொழுதன்னைக்கும் அந்தப் புள்ளையோட கழுத்தத் தொட்டுத் தொட்டுப் பாக்கறேன், சூடு இருக்குதான்னு. ஒண்ணு ஆச்சுன்னா நீ திருப்பிக் குடுப்பயா?"

சுட்டியின் கழுத்தைச் சாமியாத்தாளும் அப்படித்தான் தொட்டுப் பார்த்தாள்.

கந்தப்பன் இடையில் புகுந்தான். "ஏனுங்கண்ணா, நாம என்னத்துக்குப் பேசிக்கிட்டு? சாமியவே கேட்டுப்போடலாமுங்களே. வெள்ளிக்கெழமை பூவாக்குக் கேட்டுப்போடலாம்."

பாலுசாமி கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "சரி, கேளு," என்றார்.

பூவாக்கு என்பது கொங்குநாட்டில் கல்யாணத்திலிருந்து கிணறு வெட்டுவது வரை எதற்கும் கேட்பதுதான். வெள்ளரளி ஒரு பொட்டணம், செவ்வரளி ஒரு பொட்டணம், இரண்டையும் ஒரே அளவு இலையில் ஒரே மாதிரி மடித்து, வெளியே நிறம் தெரியாமல் நாரால் கட்டிச் சாமி காலடியில் போடுவார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. எதைக் கேட்கிறோம் என்பதை முன்னாலேயே எல்லோர் காதிலும் விழும்படி பூசாரி சொல்லிவிட வேண்டும்.

"சாமி, உன்ற கெடாவுக்குக் கட்டியிருக்கற சாக்கு அப்பிடியே இருக்கலாமுன்னா வெள்ளை குடு, ஆகாதுன்னா செவப்பு குடு," என்றார் பூசாரி வேங்கடசாமி. கிடாய் கூட்டத்துக்கு நடுவில் சாக்கோடு நின்று யாரோ கொண்டுவந்த வாழைப்பழத்தைத் தின்றுகொண்டிருந்தது.

சாந்தாமணியைத்தான் எடுக்கச் சொன்னார்கள். ஒன்பது வயசுப் பிள்ளை. கண்ணை இறுக மூடிக்கொண்டு தடவி, ஒன்றைத் தொட்டு, விட்டு, மற்றதை எடுத்துக் கொடுத்தாள்.

செவ்வரளி.

பாலுசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாமியாத்தாள் யாரையும் பார்க்காமல் போய்க் கிடாயின் முதுகில் இருந்த முடிச்சைத் தானே அவிழ்த்தாள். சாக்கைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றாள். கந்தப்பன், "வா போலாம்," என்றான். அவள் நகரவில்லை.

"ஏனுங்க பூசாரி, ஒண்ணு கேக்கோணுமுங்க. சாமி அவரு கெடாவுக்குக் கட்டப்படாதுன்னு சொல்லிப்போட்டாரு. சரிங். என்ற ஆட்டுக்கு நான் எதையாச்சும் கட்டுனா அதுல சாமிக்கு வருத்தமுங்களா?"

பூசாரி தலையைச் சொறிந்தார். "உன்ற ஆட்டைப் பத்திச் சாமிகிட்ட நாம ஒண்ணும் கேக்கலியே."

"அதும் குறுக்க நிக்கறதுதான?" என்றார் பாலுசாமி.

"நான் எங்கீங்க மாமா குறுக்க நிக்கறேன்? கெடா எங்க வேண்ணாலும் போகட்டும், எது மேல வேண்ணாலும் ஏறட்டும். என்ற ஆடு சேலை உடுத்திக்கிட்டுப் போவுது, அவ்வளவுதானுங்."

முதலில் சிரித்தது ராசாத்தாள்தான். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டும் சிரிப்பு நிற்கவில்லை. பாலுசாமி அவளை முறைத்துவிட்டு, "இன்னொருக்காப் பூப் போடு வேங்கடசாமி," என்றார்.

"ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கேக்கப்படாதுங்க."

பாலுசாமி மகளைப் பார்த்தார். அவள் ஒரு தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு அம்மா சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தாள். நன்றாகத்தான் இருந்தாள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார்.

ஒரு கிடாய்க்கு ஒரு சாக்கு போதும். ஐந்து குட்டிக்கு ஐந்து, கழுவிக் காயவைக்க மாற்று ஐந்து, ஆகப் பத்து. இரண்டு சாக்கும் கந்தப்பனின் பழைய கம்பளியும் அதற்குச் சரியாகப் போயின. வால் அடியிலிருந்து தொடை வரை திரை மாதிரித் தொங்கவேண்டும். மேல்நுனிக் கயிறு முதுகு வழியாகக் கழுத்துக் கயிற்றுக்கு. கீழ்மூலை இரண்டும் தொடைக்கு. இறுக்கினால் தோல் அறுக்கும், தளர்த்தினால் கிடாய் மூக்காலேயே ஒதுக்கிவிடும். ஒரு விரல் நுழைகிற இடம் விட்டுக் கட்டவேண்டும் என்று கண்டுபிடிப்பதற்கு அவளுக்கு நாலு நாள் ஆயிற்று.

காலையில் எழுந்து ஐந்தையும் அவிழ்ப்பாள். மூத்திரத்தில் ஊறிக் கனத்த சாக்குகளைக் கவலைத் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் கடைசியில் அலசுவாள். பங்காளியான பாலுசாமி வீட்டுத் தண்ணீர் முறையென்றால் அந்த வாய்க்காலுக்கும் போகமாட்டாள், மண்சட்டியில் அரைச்சட்டித் தண்ணீரில் அலசுவாள். வேலிமேல் விரிப்பாள். தொடையிடுக்கில் சிவந்த இடத்துக்கு வேப்பெண்ணெய் தொட்டு வைப்பாள். மாற்றுச் சாக்கைக் கட்டுவாள். அப்புறம்தான் களி கிண்ட அடுப்பு மூட்டுவாள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் கத்தும். அப்போது நாள் முழுக்கப் பின்னாலேயே நடப்பாள். கிடாய் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கும், அவளையும் ஒரு பார்வை பார்க்கும்.

மார்கழி போயிற்று, தை போயிற்று. அவள் கைவிரல் வெடிப்புகளில் எந்நேரமும் ஆட்டு வாடை இருந்தது. மாசியில் அவளுக்கே காய்ச்சல் வந்து மூன்று நாள் படுத்துவிட்டாள். அந்த மூன்று நாளும் கந்தப்பன்தான் ஆட்டைப் பார்த்தான்.

பங்குனியில் நோம்பி சாட்டினார்கள். கிடாய்க்கு மஞ்சத்தண்ணீர் ஊற்றி, மாலை போட்டு, உடம்பைச் சிலிர்த்துக் குலுக்குவதற்காகக் காத்துநின்றார்கள். குலுக்கியது. ஒரே வெட்டு. பாலுசாமி சாமி முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழவே மாட்டேன் என்று கிடந்தார். மத்தியானம் ராசாத்தாள் ஒரு போசி நிறையக் கறி கொண்டுவந்து வைத்தாள்.

"உன்ற ஆட்டுச் சேலையெல்லாம் இனி என்ன பண்ணுவே? எனக்கொண்ணு குடு, அடுப்புத் தொடைக்கறேன்," என்றாள்.

"நாறுமுங்கக்கா."

"உங்க மாமன் வெச்ச கெடாக் கொழம்பை உட அது ஒண்ணும் நாறாது," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நெடுநாளைக்குப் பிறகு வீட்டில் நெல்லுச்சோறு. கந்தப்பன் இரண்டு வாய் தின்றுவிட்டுக் கையை வட்டிலிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"ஒரு சங்கதி சொல்லோணும்," என்றான்.

"சொல்லுங்க."

"நீ காச்சலாக் கெடந்தப்ப கருப்பிக்குத் தொடையில புண்ணாகிப் புழு வெச்சுருந்துச்சு. பாக்க முடியல. அவுத்து மருந்து போட்டு, சித்தெ காத்தாடட்டுமுன்னு வேலமரத்தடியில உட்டேன். தழை ஒடிச்சுக்கிட்டு வர்றதுக்குள்ள…"

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"அதுக்கப்பறம் அது கத்தவே இல்லியே. மூணு வாரம் கழிச்சு மத்ததெல்லாம் கத்துச்சு, அது கம்முனு தழை தின்னுக்கிட்டு நின்னுச்சு. அன்னைக்கே தெரியும். நீங்க என்னைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

கந்தப்பன் குனிந்துகொண்டான். "இத்தனை பாடுபட்டும் வீணாப்போச்சு. சாவறதுக்குன்னே அவுத்து உட்டுட்டேன்."

சாமியாத்தாள் இடக்கையை நீட்டி விரல் கணுவில் கட்டைவிரலை வைத்தாள். "மாசி, பங்குனி, சித்தரை, வைகாசி, ஆனி. ஈனறது ஆடி. போன வைகாசியில பொறந்தது. ஆடிக்கு என்ன ஆச்சு? பதினாலு மாசம். சுட்டி பத்துல ஈனுச்சு." இன்னொரு தரம் எண்ணிப் பார்த்தாள். "ஆனியில காத்தோட ரெண்டு தூத்தல் உழுந்தாப் போதும். பொழைச்சாலும் பொழைச்சுக்கும். சாக்குக் கட்டாம இருந்திருந்தா அடுத்த மாசம் குழிதான வெட்டியிருப்பீங்க? சோத்தைத் தின்னுங்க."

அவன் தின்றான். கொஞ்சநேரம் கழித்து முகம் தெளிந்து, "கெடாதான் போயிருச்சே. மத்த நாலுக்காச்சும் இன்னைக்கே அவுத்து உட்டுரட்டுமா? பாவம்," என்றான்.

"கெடா போயிருச்சுங்க. அவம் பசங்க எங்க போயிட்டானுங்க?"

"ஆரு?"

"மார்கழியில பொறந்த கெடாக்குட்டி பதினொண்ணு ஊருக்குள்ள திரியுது. நோம்பி சாட்டுனா முடியறவரைக்கும் காயடிக்கப்படாதுன்னு ஒருத்தரும் அடிக்கல. நாலு மாசமாச்சுன்னா அதுகளும் ஏறுமுங்க. அதுக்கு இன்னும் இருவது நாள்தான், அதுக்குள்ள அத்தனை பேரும் அடிச்சுருவாங்களா?"

கந்தப்பன் ஆட்டுப்பட்டிப் பக்கம் பார்த்தான். படலுக்கு வெளியே, இன்னும் சரியாகக் கொம்புகூட முளைக்காத குட்டி ஒன்று பின்னங்காலில் எழுந்து நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாமியாத்தாள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். வேலிமேல் காய்ந்த சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறினாள்.

"இன்னைக்கு இன்னும் மாத்தலீங். வந்து குட்டியோட பின்னங்காலைப் புடிங்க," என்றாள்.